நேசித்த மாயப்புனைவு படமாகி வந்தால் பிள்ளைக்கு எதை முதலில் கொடுப்பது?

கோண்டாவில் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக ஒவ்வோர் இரவும் என் ஒன்பது வயது மகளுக்கு டோல்கீனின் ‘ஹொபிற்’ நாவலை ஆங்கிலத்தில் வாசித்து, அந்த இடத்திலேயே நம்முடைய தமிழில் சொல்லி வருகிறேன். 19 அத்தியாயங்களில் 13 முடிந்துவிட்டன. இருட்டுக் குகைக்குள் கதைநாயகன் பில்போவும் அங்கே வாழும் கொல்லம் என்ற பிராணியும் மாறிமாறி நொடி (விடுகதை) போடும் அத்தியாயத்தை நான்கு இரவுகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். முட்டையைப் பற்றிய நொடிக்கு அடுத்த அறையில் படுத்திருந்த அம்மம்மா விடை சொல்லிவிட்டார். பிறகு அவரும் கதை கேட்க வந்து அமர்ந்துகொண்டார்.

ஸ்மௌக் என்ற டிராகனை மகள் வரைந்து கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். அதற்கு நான்கு கால்கள், வேலியில் நாம் பார்க்கும் ஓணானின் முகம். வயிற்றில் பதிந்திருக்கும் இரத்தினக் கற்களுக்காக மினுங்கும் ரொபித் தாள்களைச் சிறிது சிறிதாகக் கிழித்து ஒட்டியிருக்கிறாள். வரும் விடுமுறையில் கொழும்பிலிருந்து வரும் அவளுடைய அண்ணன்மார் இந்தக் கதையை வைத்து எடுத்த மூன்று படங்களையும் கொண்டு வருகிறார்களாம். பெருந்திரையில் அந்த மலைகளையும் பசும்புல் வெளிகளையும் அவள் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால், படத்தின் ஸ்மௌக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த ஓணான் முகம் அவளுடைய மனத்தில் நிலைக்குமா என்று அஞ்சுகிறேன். நூலை வாசித்துவிட்டுப் படம் பார்த்த உங்களுக்கு என்ன நேர்ந்தது?

பருத்தித்துறைக்காரன்:

தங்கச்சி, உங்கள் அச்சம் வீணானது அன்று. நான் சொல்லப்போவது மாயப்புனைவு அன்று, வரலாற்றுப் புதினம். ஆனாலும் நேர்ந்தது அதுவேதான். மின்சாரம் இல்லாமலும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடாகவும் இருந்த 1990களின் முற்பகுதியில், ஜாம் போத்தல் விளக்கில் ‘பொன்னியின் செல்வன்’ வாசித்தவர்கள் நாங்கள். ஐந்து பாகங்களும் ஒரே வீட்டில் இருந்ததில்லை. ‘கொலை வாள்’ கைக்கு வருமுன் ‘மணிமகுடம்’ வந்துவிட்டதால், நடந்தது இன்னதாக இருக்கும் என்று நாங்களே இட்டு நிரப்பிக்கொண்டு வாசித்தோம். எங்கள் கடலுக்கு எதிர்க்கரைதான் கோடிக்கரை என்பதால், கதையில் வரும் படகோட்டிப் பெண் பூங்குழலி படகு வலிக்கும் பக்கங்களை மட்டும் கடற்கரைக்குக் கொண்டுபோய் வாசிப்போம். அவள் பாடுவதாகக் கல்கி எழுதிய பாட்டுக்கு நானும் என் தம்பியும் ஒரு மெட்டு வைத்திருந்தோம்.

2022 செப்ரெம்பர் 30 அன்று முதற் படம் வெளியானது. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து பலர் எடுக்க முயன்றும் கைகூடாத கதை கண்முன் விரிந்தபோது என் கண்கள் கலங்கின. படத்தில் பூங்குழலி பாடுவது வேறு சொற்கள், வேறு மெட்டு, நல்ல பாட்டுத்தான். ஆனால் அன்றிரவு எங்கள் மெட்டை முணுமுணுக்க முயன்றேன், வரவில்லை. தம்பி இப்போது இல்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. நூலை முடிக்கும்வரை படத்தைக் காட்டாதீர்கள். பில்போவையும் குள்ளர்களையும் அதற்கு முன்பே அவளை வரையச் சொல்லுங்கள்.

நூலகத்து மேசை:

பருத்தித்துறை அண்ணர் எழுதியதை வாசித்துச் சற்று நேரம் எதுவும் எழுத முடியாமல் இருந்தேன். இருப்பினும், எல்லாத் திரையாக்கத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆயிரம் பக்கங்களைக் கடந்த டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ (The Lord of the Rings) கதையை இயக்குநர் பீற்றர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாகத் தந்தபோது, ரொம் பொம்படில் என்ற பாத்திரத்தை முழுவதுமாக நீக்கினார். அந்தக் குறையைப் பலர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், பயணத்தின் களைப்பும் நட்பின் பாரமும் படத்தில் சிதையாமல் இருந்தமையே. 1937 இல் வெளிவந்த ‘ஹொபிற்’ அதனுடன் ஒப்பிடச் சிறிய நூல். அதையும் 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களாக நீட்டியபோது, நூலில் இல்லாத ரோரியல் என்ற பெண் பாத்திரமும், பக்கக் கணக்கில் சிறியதான ஒரு போருக்காக நெடுநேரமும் வந்து சேர்ந்தன. வெட்டுவதைவிட நீர் ஊற்றிப் பெருக்குவதே கதைக்குக் கூடுதல் கேடு என்று எனக்குத் தோன்றுகிறது. 1958 இல் தம் ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலுக்கு எழுதப்பட்ட திரைக்கதைச் சுருக்கம் ஒன்றை வாசித்த டோல்கீன், சண்டைகளின் மீது அதில் காட்டப்பட்ட நாட்டத்தையும், கழுகுகளைத் தேவையின்றிக் கொண்டுவந்ததையும் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார்.

முதற் படத்தின் நொடிக் காட்சியை மட்டும் தயங்காமல் காட்டலாம். அங்கே படம் அவசரப்படாமல் இரண்டு குரல்களுக்கு இடம் விடுகிறது. இன்னொன்றையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: படத்தில் ஸ்மௌக்குக்கு இரண்டு பின்னங்கால்களும் சிறகுகளுமே உள்ளன. டோல்கீன் தம் கையால் வரைந்த ஸ்மௌக்குக்கு நான்கு கால்கள். பிள்ளை வரைந்ததே சரி.

சுன்னாகம் மாணவி:

அக்கா, நான் மறுதிசையில் வந்தவள். 2005 இல் வெளியான நான்காவது ஹரி பொற்றர் படத்தைப் பார்த்துப் பல காலம் சென்றே நூலை எடுத்தேன். போட்டியாளர்களைத் தெரிவுசெய்யும் தீக்கிண்ணத்தில் உன் பெயரைப் போட்டாயா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் படத்தில் ஹரியைப் பற்றிப்பிடித்து உரத்துக் கேட்பார். நூலில் அதே கேள்வியை அவர் அமைதியாகக் கேட்கிறார். அந்த ஒரு சொல்லில் நின்று, பின்னோக்கிப் போய் அந்தப் பக்கத்தை மறுபடியும் வாசித்தேன். அன்றிலிருந்து எனக்குக் கேட்பது நூலின் குரல்தான். ஆகவே, அண்ணா, அந்தப் பூங்குழலி அத்தியாயத்தை மீண்டும் கடற்கரையில் வைத்து வாசித்துப் பாருங்கள். மெட்டு வரக்கூடும்.

கோண்டாவில் வாசகி:

மூவருக்கும் நன்றி. மீதமுள்ள ஆறு அத்தியாயங்களையும் முடித்த பிறகே படம், அதிலும் முதற் படம் மட்டும் என்று அண்ணன்மாருக்குச் சொல்லிவிட்டேன். அண்ணா, உங்கள் மெட்டு திரும்பி வந்தால் கட்டாயம் இங்கே எழுதுங்கள். டோல்கீனின் ஓவியத்தை இன்று மாலை மகளுக்குக் காட்டினேன். கால்களை விரலால் தொட்டு எண்ணிவிட்டு, வயிற்றில் கற்கள் போதாது என்றாள். நாளை இரவு ஸ்மௌக் ஏரி நகரத்தை நோக்கிப் பறக்கும் அத்தியாயம். அதன் முடிவை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.