சொலோவ்கி மடத்தைச் சிறையாக்கியது யார்?

வடகடல்:
ரஷ்யாவின் வெண்கடலில் இருக்கிறது சொலோவெத்ஸ்கி தீவு, சுருக்கமாகச் சொலோவ்கி. 1429இல் சவ்வாத்தி, கெர்மன் என்ற இரண்டு துறவிகள் அங்கே போய் இறங்கினார்கள். சில ஆண்டுகளில் ஸோசிமா வந்து மடத்தைத் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் மடாதிபதி பிலிப் ஏரிகளைக் கால்வாய் வெட்டி இணைத்தார், பெரிய கல் தேவாலயம் எழுப்பினார். மாஸ்கோவின் தலைமைப் பேராயரான பிறகு ஜார் மன்னன் பயங்கர இவானின் கொலைகளை முகத்துக்கு நேரே கண்டித்ததும் அவர்தான். 1569இல் இவானின் ஆள் அவர் கழுத்தை நெரித்துக் கொன்றான். இப்படிப்பட்ட மடத்தை 1923இல் சோவியத் அரசு வதைமுகாம் ஆக்கியது. அந்தப் பாவம் முழுக்க போல்ஷெவிக்குகளுடையது. மறுப்பவர்கள் வரலாம்.

செங்கீரன்:
வந்துவிட்டேன். சிறை 1923இல் முளைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஜார்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்களை அங்கே அனுப்பினார்கள். மடாதிபதியின் பொறுப்பில்தான் அவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். இன்றைய உக்ரைன் பகுதியில் இருந்த போர்வீரர் கூட்டமான சப்பரோஷிய கொசாக்குகளின் கடைசித் தலைவர் கல்னிஷெவ்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கியோடு நடந்த போரில் அரசி காத்தரீனுக்காகச் சண்டை போட்டவர். போர் முடிந்ததும் கொசாக் கோட்டையை இடித்துவிட்டு, 1776இல் கிழவரைத் தீவுக்கு அனுப்பினாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், உருமாற்றத் திருவிழா என்று வருடத்தில் மூன்று நாள்தான் வெளியே விட்டார்களாம். 1801இல் மன்னிப்பு வந்தபோது அவருக்குப் போக இடமில்லை. அங்கேயே இருந்து 1803இல் செத்தார். வயது 112 என்று கல்லறைக் கல் சொல்கிறது. பூட்டு யார் கையில் இருந்தது, சொல்லுங்கள்?

வடகடல்:
மலையையும் மடுவையும் ஒன்றாக்காதீர்கள். ஜார் காலம் முழுவதும் சேர்த்தாலே சில நூறு கைதிகள். முகாமில் பல பத்தாயிரம் பேர். 1937 அக்டோபர் கடைசியில் தொடங்கி சில நாட்களுக்குள் சொலோவ்கி கைதிகள் 1111 பேரை கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் சுட்டுப் புதைத்தார்கள். அந்தக் குழிகளே 1997இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. எந்த மடாதிபதி இதைச் செய்தார்?

ஏட்டுச்சுரைக்காய்:
இரண்டு பேரும் 1668ஐத் தாண்டிக் குதிக்கிறீர்களே! ரஷ்யத் திருச்சபையின் தலைவர் நிகோன் வழிபாட்டைத் திருத்தினார், சிலுவை போட இரண்டு விரலுக்குப் பதில் மூன்று விரல் என்றார். புதிய நூல்கள் 1657இல் தீவுக்கு வந்தன. துறவிகள் அவற்றைக் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கடைசியில் 1668இல் ஜாரின் படை வந்தது. முற்றுகை எட்டு வருடம் நீண்டது. ஒருகட்டத்தில் ஜாருக்காக ஜெபிப்பதையே நிறுத்தினார்கள். 1676 ஜனவரியில் உள்ளேயிருந்த துறவி ஒருவரே தப்பி ஓடி வழி காட்டிக்கொடுத்தார். படைவீரர்கள் கோபுரத்தின் சன்னல் வழியாக நுழைந்து கண்டபடி வெட்டினார்கள். ஜார் அலெக்ஸேயும் ஒரு வாரத்தில் செத்துப்போனார். பழைய முறைக்காரர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்!

வடகடல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். மடம் அரசின் கைப்பாவை என்றால் எட்டு வருடம் அரசை எதிர்க்குமா?

செங்கீரன்:
எதிர்த்தவர்களைக் கொன்று தீர்த்துவிட்டு, சொன்னபடி கேட்கிற துறவிகளை மாஸ்கோ கொண்டுவந்து வைத்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கல்னிஷெவ்ஸ்கியைப் பூட்டியது அந்தப் பிந்தைய மடம். இன்னொன்று: பெரும்பாறைகளை அடுக்கிக் கட்டிய அந்த மதிலும் பீரங்கியும் ஜெபம் பண்ணவா? அது எல்லைக்கோட்டை. 1854இல் ஆங்கிலக் கப்பல்கள் வந்து குண்டு போட்டதும் அதனால்தான். அப்புறம் 1923இல் வந்தவர்களுக்கு மதில், கடல், அறைகள் எல்லாம் தயாராகக் கிடைத்தன.

கரிசல்காரன்:
செங்கீரன் தோழர், உங்கள் அலமாரியில் இருக்கிற கார்க்கி 1929இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து முகாமைப் புகழ்ந்து எழுதினாரே, அதற்கு என்ன பதில்?

செங்கீரன்:
வெட்கக்கேடு. முகாமுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் கவலை வேறு. 1967இல் அங்கே அருங்காட்சியகம் வந்தது, 1990இல் மடம் திரும்பியது. 2009இல் மடாதிபதியையே அருங்காட்சியகத்துக்கும் இயக்குநராக்கினார்கள். துறவிகள் காவல் காத்த கதையை அவர் எவ்வளவு உரக்கச் சொல்வார்?

வடகடல்:
முகாமில் செத்த ஆயர்களும் பாதிரிகளும் அவருடைய ஆட்கள். செகிர்னயா குன்றுத் தேவாலயம் முகாமின் தண்டனைக் கொட்டடியாக இருந்தது. அங்கே வழிபாடு நடத்த இன்றைய துறவிகளை விட உரிமை யாருக்கு?

ஏட்டுச்சுரைக்காய்:
சண்டைக்கு நடுவில் ஒரு சில்லறை விஷயம். 1997இல் வந்த 500 ரூபிள் நோட்டில் இந்த மடம்தான் படம். ஆனால் தேவாலயத்தின் மேல் வெங்காயக் குமிழ்கள் இல்லை, மரப்பலகைக் கூம்புகள்தான் இருந்தன. அது முகாம் காலத்துத் தோற்றம் என்று புகார் கிளம்பியது. பிற்பாடு வந்த நோட்டில் குமிழ்கள் ஏறிவிட்டன.

வடகடல்:
நல்லதுதானே. தேவாலயத்தைத் தேவாலயமாகக் காட்டுகிறார்கள்.

செங்கீரன்:
எனக்குப் பழைய நோட்டே போதும். முகாமை மக்கள் கண்ணில் காட்டிய ஒரே அரசாங்கக் காகிதம் அது. தெரியாமல் அச்சடித்தார்கள், தெரிந்ததும் மாற்றிவிட்டார்கள்.