பதில்: அன்ஃபேர் செலக்‌ஷன் ஃபார் ரிடண்டன்சி – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம். ஆட்குறைப்பின்போது யாரை அனுப்புவது என்று முதலாளி நியாயமில்லாமல் தேர்ந்தெடுப்பதைப் பிரிட்டனில் 'அன்ஃபேர் செலக்‌ஷன் ஃபார் ரிடண்டன்சி' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'தவறான ஆட்குறைப்புத் தேர்வு' என்று வைத்துக்கொள்ளலாமே?

ஆட்குறைப்பு சரி. மற்ற இரண்டு சொற்களும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பிரிட்டனில் பணிநீக்க வழக்குகளில் ராங்ஃபுல் டிஸ்மிஸல் வேறு, அன்ஃபேர் டிஸ்மிஸல் வேறு. முன்னது ஒப்பந்த மீறல், பெரும்பாலும் நோட்டீஸ் காலம் தராமல் அனுப்பிவிடுவது. 'தவறான' என்ற சொல் அதற்கு ஏற்கெனவே தேவைப்படுகிறது. பின்னது 1996 வேலை உரிமைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் வருவது, நம் ஆட்குறைப்பு விஷயமும் இதில்தான் அடங்கும். முதலாளி நடந்துகொண்ட விதம் நியாயமா என்றுதான் வழக்கை விசாரிக்கும் ட்ரிப்யூனலில் பார்ப்பார்கள், ஆட்குறைப்புக்காக முதலாளி ஊழியர்களுக்குப் போட்ட மதிப்பெண்ணைத் தாங்களே உட்கார்ந்து மறுபடி போட்டு 'இவர் இல்லை, அவர்தான் போயிருக்க வேண்டும்' என்று சொல்ல மாட்டார்கள். இது புரியாமல் 'நான் அவரைவிட நன்றாக வேலை செய்தேன்' என்பதை மட்டும் நம்பி வழக்குப் போடுபவரை நம் சொல்லே தவறான வழியில் அனுப்பக் கூடாது. ஆகவே 'நியாயமற்ற'.

அப்புறம் 'தேர்வு'. தேர்வாகிவிட்டார் என்றால் வேலை கிடைத்துவிட்டது என்றுதான் காதில் விழும். வேலை போகிறவர்கள் 'லிஸ்டில் என் பேர் வந்துவிட்டது' என்கிறார்கள். அதையே எடுத்து 'நியாயமற்ற ஆட்குறைப்புப் பட்டியலிடல்' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

அடுத்து 'பூல்'. அதைக் குளம், தொகுப்பு என்றெல்லாம் பெயர்க்க வேண்டாம். யாரை யாரோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்களோ அவர்கள்தான் அது: 'ஒப்பீட்டுக் குழு'. சண்டை பாதி இங்கேதான் நடக்கிறது. ஆறு பேர் ஒரே வேலையைப் பார்க்கும் கிடங்கில் ஒருவரை மட்டும் தனியாகக் குழுவாக்கிவிட்டால் அளவுகோல் எவ்வளவு ஒழுங்காக இருந்து என்ன பயன்? அளவுகோலிலும் வில்லங்கம் உண்டு. 'மனப்பான்மை' என்று ஒரு கட்டம், பத்துக்கு மூன்று, பக்கத்தில் ஒரு வரி காரணம்கூட இருக்காது. மேலாளரின் அபிப்பிராயம் மட்டும் போதாது, வருகைப் பதிவு, அனுபவம் போலச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 1982இல் வில்லியம்ஸ் எதிர் காம்பேர் மாக்சம் வழக்கிலேயே சொல்லியாயிற்று. வருகைப் பதிவிலும் கர்ப்பகால விடுப்பைக் கழித்து மதிப்பெண் குறைத்தால் அது பாகுபாடு, தனி வழக்கே போடலாம்.

இந்தியாவில் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு அவசரம் வராததற்குக் காரணம் உண்டு. 1947 தொழில் தகராறு சட்டத்தின் 25ஜி பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார் என்பதுதான் பொது விதியாக இருந்தது, மாற்றினால் முதலாளி காரணத்தைப் பதிய வேண்டும். 2025இல் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்திலும் அதே விதிதான். பிரிட்டனில் அப்படி ஒரு விதி சட்டத்தில் இல்லை.

ட்ரிப்யூனலுக்கு 'வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம்' என்று சிலர் எழுதுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம், வேலைவாய்ப்பு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். 'தொழில் தீர்ப்பாயம்' என்று போட்டு, இலங்கை வழக்கான 'தொழில் நியாய சபை'யையும் பக்கத்தில் கொடுப்போம். லண்டனில் நம் சொற்களைப் படிக்கப் போகிறவர்களில் பலருக்கு அதுதான் பழக்கம்.

இன்னும் ஒன்று பாக்கி. நடைமுறை நியாயமற்றது, ஆனால் ஒழுங்காகச் செய்திருந்தாலும் இவர் வேலை போயிருக்கும் என்று தோன்றினால் இழப்பீட்டை வெட்டுவார்கள். 1987 போல்கி வழக்கிலிருந்து வந்த வழக்கம். 'போல்கி குறைப்பு' என்றால் ஆட்குறைப்போடு குழம்புமா? 'போல்கி வெட்டு' எனக்குப் பிடித்திருக்கிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.