எதிர்வீட்டு கானா அக்காவுக்கு எப்படிச் சொல்வது?

செந்தூல்வாசி:
எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் கானா நாட்டுக் குடும்பம். அந்த அக்கா இங்கே மலேசியாவுக்கு வந்த நாலு வருஷத்தில் நன்றாகப் பெருத்துவிட்டார், ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் காலில் அப்படியே நிற்கிறது. ஊரில் எங்கு போனாலும் நடைதானாம், இங்கே லிஃப்ட், கார், ராத்திரியானால் மாமாக் (இந்திய முஸ்லிம்) உணவுக்கடையில் ரொட்டி சானாய் பரோட்டாவும் தே தாரிக் பால் டீயும். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு நார்மல், அதனால் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்கிறார். இளைத்தால் "என்ன நோய்?" என்று ஊரில் கேட்பார்களாம். நான் மூன்று கிலோ குறைந்தபோது எங்கள் அம்மாவும் அதையேதான் கேட்டார். மனம் நோகாமல் எப்படிச் சொல்ல?

பட்டர்வர்த் நர்ஸ்:
எடைப் பேச்சு அப்புறம் இருக்கட்டும். கால் வீக்கம், மூச்சு வாங்குவது, இந்த இரண்டையும் முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். டிரைகிளிசரைடை நம்பி உட்கார வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோதும் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. நம் ஆட்களுக்கு நேர்மாறு, பெரிய உடம்பு இல்லாதவர்களுக்கே ஏறிவிடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் (HbA1c), அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டு மரபணு உள்ளவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம், ஆகவே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்க்கட்டும். பிரஷரை விட்டுவிடாதீர்கள். இடுப்புச் சுற்று பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனம், அவருக்கும் சரி, நமக்கும் சரி.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி:
அக்கா, அவர் சோம்பேறி என்று யாரும் நினைக்கக் கூடாது. கானாவில் இருப்பவர்களையும் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்த கானாக்காரர்களையும் ஒப்பிட்ட ரோடாம் ஆய்வில், கிராமத்து ஆண்களில் உடற்பருமன் 1.3 சதவீதம், லண்டனில் 21.4. லண்டனில் உள்ள கானாப் பெண்களில் பாதிக்கு மேல். ஊர் மாறினால் உடம்பு மாறுகிறது. "குண்டு" என்ற பேச்சே வேண்டாம், அந்த உடம்பு அவர்களுக்குச் செழிப்பு, அழகு. டாக்டர் சரி என்றதும் தித்திவங்சா ஏரிக்கு நடக்கக் கூப்பிடுங்கள், நீங்களும் கூடவே நடங்கள்.

செந்தூல்வாசி:
நேற்று வீட்டு பிரஷர் மெஷினை எடுத்துப் போய் முதலில் என் கையில் கட்டிக் காட்டினேன், அப்புறம் அவரே கையை நீட்டினார். 168/102. பத்து நிமிஷம் கழித்தும் இறங்கவில்லை. இன்று காலை கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். என் இடுப்பையும் அளந்தேன், 91.