ஓசூர் ஜாப் ஒர்க் ஷாப் (கஸ்டமர் தர்ற பொருளைக் கூலிக்கு வெட்டித் தர்ற பட்டறை): ரெண்டாவது வி.எம்.சி.க்கு (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்) காசு எங்கிருந்து? மூணு பேர் பேசிக்கிட்டது.

சிப்காட் லேத்: மாசம் 6 லட்சம் பில் போடுற டயர்-3 ஷாப் (பெரிய கம்பெனிக்கு நேரா இல்லாம, நடுவுல இருக்கிற டயர்-2 ஷாப்புக்கு வேலை செய்யுறது), 30 லட்சத்துக்கு ரெண்டாவது வி.எம்.சி. போடணும்னா டேர்ம் லோன்தான் (தவணையில கட்டுற கடன்) வழி. பேங்க் 75% கொடுத்தா 22.5 லட்சம், 5 வருஷம், 10.5%னா இ.எம்.ஐ. 48,400 பக்கம். மீதி 7.5 லட்சமும், முழு விலை மேல 18% ஜி.எஸ்.டி. 5.4 லட்சமும் கையில வேணும். அந்த ஜி.எஸ்.டி. பின்னாடி நாம கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில இன்புட்டா கழியும், ஆனா மெஷின் இறங்கற அன்னைக்கே கட்டியாகணும். சாம்பிள் பாஸாகி ஆர்டர் விழுற வரைக்கும் மாரடோரியம் (தவணை ஆரம்பிக்காத இடைவெளி) கேளுங்க. சி.சி.யில (கேஷ் கிரெடிட், அன்றாடச் செலவுக்கு லிமிட் வரைக்கும் எடுக்கிற கடன்) இருந்து மட்டும் மெஷினுக்கு எடுக்காதீங்க. எடுத்தா கூலிக்கும் இன்சர்ட்டுக்கும் (மெஷின்ல மாத்துற வெட்டு முனை) லிமிட் இருக்காது. 90 நாள் தொடர்ந்து லிமிட்டுக்கு மேல நின்னா கணக்கு என்.பி.ஏ. (வாராக்கடன்).

பாகலூர் ரோடு: மாசம் 6 லட்சம் பில்லுக்கு 75 நாள் கழிச்சு பணம் வருதுன்னா 15 லட்சம் வெளியில நிக்குது. முதல்ல அதை எடுங்க அண்ணா. 250 கோடிக்கு மேல விற்பனை இருக்கிற கம்பெனி டிரெட்ஸ்ல (சிறு யூனிட்டோட பில்லுக்கு பேங்குங்க முன்கூட்டியே காசு தர்ற ஆன்லைன் தளம்) சேர்றது கட்டாயம். இன்வாய்ஸை ஏத்தி, அவங்க ஒத்துக்கிட்டா பேங்குங்க ஏலம் கேக்கும், மறுநாள் காசு. வட்டியும் அந்தக் கம்பெனியோட கடன் ரேட்டிங்குக்குத்தான். கம்பெனி கட்டலைன்னாலும் பேங்க் நம்மளைக் கேக்க முடியாது.

சிப்காட் லேத்: டயர்-3க்கு பில் வாங்குறவர் பேடரப்பள்ளி டயர்-2 ஷாப். விற்பனை 20 கோடி தாண்டாது, அவருக்கு எங்க டிரெட்ஸ்? 2006 எம்.எஸ்.எம்.இ. (சிறு தொழில்) சட்டப்படி 45 நாள் தாண்டினா ரிசர்வ் வங்கி பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி கேக்கலாம்தான். இருக்கிற ஒரே கஸ்டமர் மேல மனு போட்டுட்டு அடுத்த மாச ஷெட்யூலை யார்கிட்ட வாங்குறது?

ஆடிட்டர் ஆபீஸ்: ரெண்டு பேருமே ஒண்ணை விட்டுட்டீங்க. ஜாப் ஒர்க்ல ராடு (வெட்டுறதுக்கு வர்ற இரும்பு) கஸ்டமரோடது. டிராயிங் பவர் (ஸ்டாக்கையும் பாக்கியையும் வச்சு சி.சி.யில எவ்வளவு எடுக்கலாம்ங்கிற) கணக்குல நம்ம ஸ்டாக்னு காட்ட ஒண்ணும் இருக்காது. 90 நாளுக்குள்ள இருக்கிற வரவு பாக்கிதான் நிக்கும். கஸ்டமர் ராடையும் சேர்த்துக் காட்டுனா ஸ்டாக் ஆடிட்ல மாட்டும்.

ரெண்டு மெஷின் ஓடி மாசம் 12 லட்சம் பில்னு வைங்க. வருஷ விற்பனை 1.44 கோடி, விற்பனையில 20%ங்கிற கணக்குல சி.சி. லிமிட் 28.8 லட்சம். ஆனா 75 நாள் பாக்கி 30 லட்சத்துல, பேங்க் கழிக்கிற 25% மார்ஜின் போனா எடுக்க முடியறது 22.5 லட்சம்தான். இதுல பில் போட்ட ஜி.எஸ்.டி.யை, காசு வந்தாலும் வராட்டியும், அடுத்த மாசமே கட்டணும். அதனால டேர்ம் லோன் மனுவோட சி.சி. உயர்வையும் ஒரே ஃபைல்ல வைக்கணும். மெஷின் வந்தப்புறம் தனியா கேட்டா, அது சாங்ஷன் ஆகுறதுக்குள்ள இ.எம்.ஐ. ஆரம்பிச்சுடும்.

பாகலூர் ரோடு: சரி, டயர்-3க்கு ஒத்துக்கறேன். ஆனா பெரிய கம்பெனிக்கே நேரா ஒரு பார்ட் போட்டாலும் கணக்கு மாறும். உத்யம்ல (அரசாங்கத்தோட சிறு தொழில் பதிவு) உற்பத்தின்னு பதிஞ்ச குறு, சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள்ள கட்டலைன்னா, கட்டுற வருஷம்தான் அந்தச் செலவை அந்தக் கம்பெனி வருமான வரிக் கணக்குல கழிக்க முடியும்.

சிப்காட் லேத்: அங்கயும் ஜி.ஆர்.என். (சரக்கு வந்த ரசீது) போட்டு இன்ஸ்பெக்‌ஷன் முடியாம இன்வாய்ஸை ஒத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கிட்ட பில்லுல ரிஜெக்‌ஷன் வந்தா டெபிட் நோட்டு போட்டு அடுத்த பில்லுல பிடிச்சுக்குவாங்க. அந்த மாசம் கூலிக்குப் பணம் எதுல?

ஆடிட்டர் ஆபீஸ்: சி.சி.யில. அதுக்குத்தான் அதை மெஷினுக்குத் தொடாதீங்கன்னு நீங்களே முதல்ல சொன்னீங்க.