வான்கோழிக்கு ஊசி போட வேண்டுமா? ஒரு தேங்க்ஸ்கிவிங் விவாதம்

புதுக்குடித்தனம் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஹூஸ்டனுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வருகிற வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் நாள்) விருந்துக்குக் கணவரின் அலுவலகத்திலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். வாழ்நாளில் முதன்முறையாக முழு வான்கோழி ஒன்றை அவனில் (சூட்டடுப்பில்) வாட்டப் போகிறேன். 12 பவுண்டு எடையுள்ள உறைந்த பறவை. இன்று மாலை வாங்கிவந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு வேறோர் ஊரில் நாங்கள் விருந்துண்ட வீட்டில் நெஞ்சுக்கறி பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைப் போல இருந்தது. கிரேவியை ஊற்றி ஊற்றித்தான் விழுங்க முடிந்தது. கடையில் தடித்த ஊசி ஒன்றையும் வெண்ணெய் கலந்த, கிரியோல் என்ற லூசியானாப் பாணி மசாலாக் கரைசலையும் சேர்த்து விற்கிறார்கள். அதை வாங்கிக் கறிக்குள் ஏற்றினால் சாறு நிற்குமா, அல்லது அது வீண் வேலையா?

பாயூக்கரை (ஞாயிறு இரவு)

தயங்காமல் போடுங்கள், சகோதரி. பதினான்கு ஆண்டுகளாக இதே ஊரில் இருக்கிறேன். பக்கத்து மாநிலமான லூசியானாவின் லாஃபயெட்டிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்த பெரியவரிடம் இதைக் கற்றுக்கொண்டேன். அங்குள்ள, பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்கள் வான்கோழியை முழுதாகக் கடலை எண்ணெயில் பொரிப்பார்கள். மேலே எவ்வளவு மசாலா பூசினாலும் பாதி எண்ணெயோடு போய்விடும், வயிற்றுக்குள்ளும் எதையும் அடைத்துப் பொரிக்க முடியாது என்பதால், சுவையைக் கறிக்குள் கொண்டுசேர்க்க அவர்களுக்கு ஊசியே கைகொடுத்தது. அவனில் வாட்டுவதற்கும் அது அப்படியே பொருந்தும்.

ஒரு பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பறவைக்கு 12 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 350 மில்லி. கடையில் கிடைக்கும் ஊசிகள் பெரும்பாலும் இரண்டு அவுன்ஸ் கொள்ளும் என்பதால் ஆறு முறை நிரப்ப வேண்டியிருக்கும். தோலில் ஒரே துளையிட்டு, ஊசியை வெளியே எடுக்காமலேயே மூன்று நான்கு திசைகளில் சாய்த்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் முந்தைய துளை வழியாகக் கரைசல் முகத்தில் பீய்ச்சியடிக்கும். நான் இரண்டு முறை அபிஷேகம் வாங்கியிருக்கிறேன். பூண்டையும் மிளகையும் அரைத்துக் கலந்தால் மெல்லிய துணியில் வடிகட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஊசியின் பக்கத் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

உப்புக்கல் (திங்கள் காலை)

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. சென்ற ஆண்டு நீங்கள் சாப்பிட்ட கறி சக்கையானது ஊசி போடாததால் அன்று, அளவுக்கு மேல் வெந்ததால். நெஞ்சுக்கறியில் கொழுப்பும், தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைவு. 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டத் தாண்டத் தசை இழைகள் இறுகித் தங்களிடம் உள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். தொடைக்கறியோ 175 டிகிரியைத் தொட்ட பிறகுதான் கொலாஜன் கரைந்து மெத்தென்று ஆகும். இரண்டையும் ஒரே அவனில் ஒரே நேரத்தில் வாட்ட வேண்டியிருப்பதுதான் வான்கோழியின் மொத்தச் சிக்கலும். அதற்கு ஊசியில் விடை இல்லை, தெர்மாமீட்டரில் இருக்கிறது. பறவையோடு சேர்த்துக் கொடுக்கும், வெந்ததும் துள்ளி எழும் பிளாஸ்டிக் பொத்தானை நம்பியவர்கள் வீட்டில்தான் நான் அதிகம் சக்கை தின்றிருக்கிறேன்.

சான்ஃபிரான்சிஸ்கோவின் ஜூனி கஃபேயில் ஜூடி ராட்ஜர்ஸ் என்ற சமையற்கலைஞர் கோழிக்கு முன்கூட்டியே வெறும் உப்பைத் தடவி வைத்து வாட்டுவதற்குப் பெயர்பெற்றவர். 2006-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் அந்த முறையை வான்கோழியில் செய்துபார்த்து எழுதிய பிறகு அது நாடெங்கும் பரவியது. ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு (பரல் பெரிய உப்பு), இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டி, அவ்வளவுதான். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும்; பிறகு அந்த உப்புநீரையே கறி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். தசைப்புரதம் உப்பில் தளர்ந்துவிடுவதால் அவன் சூட்டில் அது அவ்வளவாக இறுகாது. கடைசி இரவு மூடாமல் வைத்தால் தோல் உலர்ந்து, வாட்டும்போது அப்பளம் போல நொறுங்கும். வெளியிலிருந்து ஒரு துளி நீரும் சேராததால் வான்கோழி வான்கோழியாகவே ருசிக்கும்.

பாயூக்கரை (திங்கள் மதியம்)

உப்புக்கல் அவர்களே, தெர்மாமீட்டரைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் இந்தச் சகோதரியின் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப்பார்த்தீர்களா? நான்கு ஐந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 12 பவுண்டுப் பறவை குளிர்பெட்டியில் உறைநீங்கப் புதன்கிழமை ஆகிவிடும். வியாழன் மதியம் விருந்து. உங்கள் உப்புக்கு மிஞ்சுவது ஓர் இரவுதான். அதற்குள் அது தோலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகுமே தவிர, மூன்று அங்குலம் தடித்த நெஞ்சின் நடுவை எட்டாது. ஊசியோ அந்த இடத்துக்கு ஒரே நிமிடத்தில் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்பு மெதுவாகவேனும் உள்ளே இறங்கும். பூண்டு, மிளகு, மிளகாய் ஆகியவற்றின் மணம் எத்தனை நாள் ஊறினாலும் மேற்பரப்பைத் தாண்டுவதில்லை. முழுக்கோழி வறுவலுக்கு நம் வீடுகளில் கத்தியால் ஆழக் கீறி மசாலாவை விரலால் திணிப்பது ஏன்? தடவினால் மட்டும் போதாது என்பது நம் அம்மாக்களுக்குத் தெரிந்திருந்தது. ஊசி என்பது தோலைக் கிழிக்காமல் போடும் கீறல்தான்.

உப்புக்கல் (திங்கள் மாலை)

நாள் கணக்கு சரிதான், ஆனால் வழி இருக்கிறது. உறையைப் பிரிக்காமல் பறவையைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றினால், பவுண்டுக்கு அரைமணி நேரம் வீதம் ஆறு மணி நேரத்தில் உறைநீங்கிவிடும். இன்றிரவே செய்தால் உப்புக்கு இரண்டு முழு நாள் கிடைக்கும்.

கீறல் உவமை அழகாக இருக்கிறது. ஆனால் நம் கீறலில் வெண்ணெய் இல்லை. நான் ஊசியை எதிர்ப்பது கேள்விப்பட்டதை வைத்து அன்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற வெண்ணெய்க் கரைசலை ஏற்றி, அரிந்து பரிமாறத் தொடங்கியபோது வெள்ளைக் கறிக்குள் செம்மஞ்சள் கோடுகளும், இரண்டு இடங்களில் கோலிக்குண்டு அளவுக்குக் கரைசல் தேங்கிய குழிகளும் இருந்தன. ஒரு துண்டு உப்புக்கரிப்பு, அடுத்த துண்டு சப்பென்று இருந்தது. காரணம் எளிது. உருகிய வெண்ணெய் குளிர்ந்த கறியைத் தொட்டதும் உறைந்துவிடுகிறது. உறைந்தது எங்கும் பரவாது. ஒரு விருந்தினர் தன் தட்டிலிருந்த துண்டை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

பாயூக்கரை (திங்கள் இரவு)

வெண்ணெயைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வெண்ணெய் மட்டுமே ஏற்றினால் அப்படித்தான் ஆகும். எங்கள் வீட்டில் கோழிச்சாறு நான்கு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு. வெதுவெதுப்பாகக் கலந்து, ஒன்றரை அங்குல இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஓர் இரவு குளிர்பெட்டியில் விடுகிறேன். ஒரே இடத்தில் ஊசியைக் காலி செய்பவர்களுக்குத்தான் கோலிக்குண்டு கிடைக்கும்.

கறிமேசை (செவ்வாய் காலை)

நான் ஒரு பல்பொருள் அங்காடியின் இறைச்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். இருவரும் இவ்வளவு தூரம் வாதிட்டும், உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே!

அக்கா, பறவையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். உறைந்த வான்கோழிகளில் பெரும்பகுதிக்கு ஆலையிலேயே ஊசி போட்டுவிடுகிறார்கள். நீரும் உப்பும் மசாலாச் சாரமும் கலந்த கரைசல் இத்தனை சதவீதம் வரை உள்ளது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் பாஸ்பேட்டும் இருக்கும், அது கறியில் நீரைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்கிறது. யூத மத விதிப்படி, அதாவது கோஷர் முறையில் அறுத்த பறவை என்றால் ஏற்கெனவே உப்பிட்டு ஊறவைத்திருப்பார்கள். இவற்றின்மீது இன்னொரு முறை உப்பைத் தடவினாலும் தவறு, உப்புள்ள கரைசலை ஏற்றினாலும் தவறு. விருந்துக்கு மறுநாள் எங்கள் கடைக்கு வந்து வான்கோழி உப்புக்கரிக்கிறது என்று சண்டை பிடிப்பவர்களில் பலர் உறையைப் படிக்காதவர்கள்தான்.

புதுக்குடித்தனம் (செவ்வாய் மதியம்)

இப்போதுதான் படித்தேன். "8 சதவீதம் வரை" என்று போட்டிருக்கிறது. நீர், உப்பு, மசாலாச் சாரம். 12 பவுண்டில் ஏறக்குறைய ஒரு பவுண்டு உப்புநீருக்கா கறியின் விலையைக் கொடுத்திருக்கிறேன்? நேற்றிரவு நீரில் அமிழ்த்தவும் இல்லை, உப்புத் தடவவும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததில் எதுவும் ஓடவில்லை. நல்லவேளை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

உப்புக்கல் (செவ்வாய் மதியம்)

நல்லவேளையேதான். என் உப்பு ஆலோசனையை உங்கள் பறவையைப் பொறுத்தவரை திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் இதனால் ஊசிக்கான தேவையும் ஒழிந்தது. ஆலைக்காரன் உங்களுக்காகப் போட்டுவிட்டான். புதன் இரவு உறையைப் பிரித்து, தோலைத் துடைத்து, மூடாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் தோலுக்கு அடியில் விரலை விட்டு மிளகும் வெண்ணெயும் தடவி, நெஞ்சின் தடித்த இடம் 160 டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்து, ஆறவிடும்போது அது 165-க்கு ஏறுகிறதா என்று தெர்மாமீட்டரில் உறுதிசெய்துகொண்டு, பிறகு அரியுங்கள். ஏறாவிட்டால் மறுபடி அவனுக்குள் வைக்க வேண்டியதுதான்.

பாயூக்கரை (செவ்வாய் மாலை)

இங்கேதான் நாம் பிரிகிறோம். ஆலைக்காரன் ஏற்றியது உப்பும் நீரும். அதனால் ஈரம் நிற்கும், மணம் எங்கிருந்து வரும்? உப்பில்லாத சாற்றில் பூண்டு, மிளகு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் எலுமிச்சை சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, துளி உப்புகூடச் சேர்க்காமல் நெஞ்சுக்கு மட்டும் ஆறு அவுன்ஸ் ஏற்றட்டும். தொடைக்குத் தேவையில்லை என்பதை நானே சொல்கிறேன். கடையில் பார்த்த அந்தக் கிரியோல் கரைசலைத் தொடவே வேண்டாம். அதில் உப்பு அதிகம். புட்டியில் விற்கும் கோழிச்சாறும் அப்படித்தான், உப்பில்லாதது என்று தெளிவாகப் போட்டிருந்தாலொழிய.

கறிமேசை (செவ்வாய் இரவு)

சாறு வெளியே வாங்க வேண்டியதே இல்லை. பறவையின் கழுத்தும், இரைப்பையும் இதயமும் ஈரலும் அடங்கிய சிறு பையும் உள்ளேதான் இருக்கும். வயிற்றுக் குழியில் இல்லாவிட்டால் கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியில் தேடுங்கள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் அந்தப் பையோடு சேர்த்தே வாட்டிவிடுகிறார். ஈரலை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வெங்காயத்தோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் நல்ல சாறு கிடைக்கும். ஈரல் சேர்ந்தால் கசக்கும். ஊசி போடுவதாக இருந்தால் வேண்டிய அளவை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். பச்சைக் கறிக்குள் போய்வந்த ஊசியை மொத்தச் சாற்றிலும் தோய்க்கக் கூடாது. கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

உப்புக்கல் (செவ்வாய் இரவு)

ஒரு நிமிடம். அந்தக் கழுத்துச் சாறு கிரேவிக்கு உரியது! ஊசி போட்ட பறவையின் தட்டில் வடியும் சாறு உப்புக்கரிக்கும் என்பதால், அதைத் தணிக்க உப்பில்லாத சாறு கட்டாயம் வேண்டும். அதையும் நெஞ்சுக்குள் ஏற்றிவிட்டால் எட்டு விருந்தினருக்கும் கிரேவியை எதைக்கொண்டு செய்வது?

பாயூக்கரை (செவ்வாய் இரவு)

நான் கேட்பது ஆறு அவுன்ஸ், ஐயா. ஒன்றரை லிட்டர் நீரில் தொடங்கினால் பாதி வற்றிய பிறகும் உங்கள் கிரேவிக்கு அரை லிட்டருக்கு மேல் மிஞ்சும்.

புதுக்குடித்தனம் (புதன் காலை)

பை கழுத்துப் பக்கத்தில்தான் இருந்தது. பாதி இன்னும் பனிக்கட்டியாக இருந்ததால் வெந்நீரில் கையை நனைத்து நனைத்து இழுக்க வேண்டியதாயிற்று. கழுத்து இப்போது அடுப்பில் கொதிக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஊசியும் தெர்மாமீட்டரும் வாங்கக் கணவரை அனுப்பியிருக்கிறேன். கடையில் இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் தெர்மாமீட்டரை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பாயூக்கரை அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.