புளூகிராஸ் மேடையில் இளம் மாண்டலின் கலைஞர்கள்: நேரில் கண்டவை

நாஷ்வில்லில் வசிக்கும் உறுப்பினர் எழுதியது:

மாண்டலின் என்றாலே எனக்கு உ. ஸ்ரீனிவாஸ் அவர்களின் நினைவுதான் முதலில் வரும். ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினில் அவர் கமகங்களை இழைத்து வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே, வேலை நிமித்தமாக டென்னசி மாநிலத்துக்கு வந்த புதிதில் புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைவகைக் கச்சேரி ஒன்றுக்குச் சென்றபோது, அங்கு ஒலித்ததும் மாண்டலின்தான் என்பதை நம்பவே சற்று நேரம் பிடித்தது. இங்கே எஃகுத் தந்திகள் எட்டு. அவை இரண்டிரண்டாக நான்கு சோடிகளாகக் கட்டப்பட்டிருக்கும். மீட்டிய நாதம் விரைவில் அடங்கிவிடும் என்பதால், நீண்ட சுரம் வேண்டுமானால் பிக்கை, அதாவது தந்தியை மீட்டும் சிறு தகட்டை, மேலும் கீழும் இடைவிடாமல் அசைத்துத்தான் அதை நிறுத்திவைக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஓர் இளைஞரைப் பற்றி. நாஷ்வில் நகரில் 1974-இல் தொடங்கப்பட்ட ஸ்டேஷன் இன் என்ற அரங்கம் இருக்கிறது. சுற்றிலும் எழும்பிவிட்ட அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் தாழ்வாக நிற்கும் சிறிய கல் கட்டடம் அது. ஞாயிறு இரவுகளில் அங்கே கருவியுடன் வருபவர்கள் வட்டமாக அமர்ந்து சேர்ந்து வாசிப்பார்கள். கென்டக்கியிலிருந்து வந்திருந்த அந்த இளைஞருக்கு வயது இருபத்தொன்றுக்கு மேல் இராது. வட்டத்துக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முதல் நான்கு பாடல்களுக்குத் தனி வாசிப்பு எதுவும் செய்யாமல் 'சாப்' மட்டுமே அடித்துக்கொண்டிருந்தார்.

சாப் என்பதைச் சற்று விளக்க வேண்டும். புளூகிராஸ் இசைக்குழுவில் மரபாக டிரம் கிடையாது. நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் என்னும் தாழ்சுருதித் தந்திக் கருவி ஒலிக்க, இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் 'சக்' என்று வெட்ட வேண்டும். இடக்கையின் நான்கு விரல்களும் நான்கு சோடித் தந்திகளையும் அழுத்தியிருக்க, வலக்கை ஒரே வீச்சில் அனைத்தையும் கடந்ததும், இடக்கை விரல்கள் தந்தியை விட்டு எடுபடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்த வேண்டும். அப்போது நாதம் அந்த இடத்திலேயே நின்று, மரத்தில் தட்டியது போன்ற ஒலி மட்டும் மிஞ்சும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒரு சிறுவன் விடாமல் போட்டுக்கொண்டிருக்கும் கைத்தாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது பிசகினால் வித்வானும் தவிலும் என்ன ஆவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஐந்தாவது பாடலைப் பாட வந்த பெண்மணி தம் குரலுக்கு 'பி' சுருதிதான் ஒத்துவரும் என்றார். கிட்டார்க்காரர்களும், தோல் போர்த்திய தந்திக் கருவியான பாஞ்சோவை வாசிப்பவரும் தந்திகளின் குறுக்கே சுருதியை உயர்த்தும் கேப்போ என்னும் கவ்வியை மாட்டிச் சரிசெய்துகொள்ளத் தொடங்கினார்கள். மாண்டலின்காரர்கள் வழக்கமாகக் கேப்போவை நாடுவதில்லை. இந்த இளைஞர் கையைச் சற்று மேலே நகர்த்தி, தாளத்தைத் தொட்டுக்காட்டிவிட்டுக் காத்திருந்தார். பாடல் நடந்தபோது நான் கவனித்தது ஒன்றுதான்: அந்த அம்மையார் பாடும் வரிகளுக்குள் அவர் ஒரு தடவைகூட நுழையவில்லை. வரி முடிந்து அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் நான்கைந்து சுரங்களை வைத்துவிட்டு மீண்டும் தாளத்துக்குத் திரும்பினார்.

இரவு கலையும் நேரத்தில், வட்டத்தில் இருந்த வயதான பாஞ்சோ கலைஞர் ஒருவர் அவர் அருகில் சென்று, "வெள்ளிக்கிழமை உனக்கு வேறு வேலை இருக்கிறதா?" என்று கேட்டார். தம் குழுவின் மாண்டலின்காரருக்குக் கையில் காயம் என்றும், மூன்று ஊர்களில் நிகழ்ச்சிகள் ஏற்றுக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். இளைஞரின் தனி வாசிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "நீ பாடுபவரைக் கேட்கிறாய்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

இந்த இசையின் வரலாறே இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ, கென்டக்கியின் ரோசின் என்னும் சிற்றூரில் 1911-இல் எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். அண்ணன்மார் ஃபிடில் எனப்படும் வயலினையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டதால் மாண்டலின் அவருக்கு மிஞ்சியது. அதிலும் சத்தம் கூடிவிடக் கூடாது என்று நான்கு தந்திகளோடு வாசிக்கச் சொன்னார்கள் என்பார்கள். 1939 முதல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியில் வாசித்த அவருடைய 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் பல பத்தாண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். 1945-இன் இறுதியில் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் அவர்களில் ஒருவர். இப்படி ஒருவருக்குப் பக்கத்தில் நின்று கற்பதைத்தான் நம் ஊரில் குருகுலம் என்றோம். பின்னாளில் புகழ்பெற்ற கலைஞரான ரிக்கி ஸ்காக்ஸை, அவர் ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோது, மன்றோ மேடைக்கு அழைத்துத் தம் மாண்டலினையே அவன் தோளில் மாட்டிவிட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

வட கரோலினாவில் வசிக்கும் உறுப்பினர் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சர்வதேச புளூகிராஸ் சங்கத்தின் ஆண்டு விழா 2013 முதல் 2024 வரை ராலி நகரில் நடந்தது. பகலில் தெருவெங்கும் மேடைகள் இருந்தாலும், உண்மையான இசை நள்ளிரவுக்கு மேல் விடுதித் தாழ்வாரங்களில்தான் நடக்கும் என்று அறிந்தவர்கள் சொன்னார்கள். அப்படி ஓர் இரவில், மின்தூக்கிக்கு அருகில் தரையில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணை நானும் பதின்மூன்று வயதான என் மகளும் சந்தித்தோம்.

அந்தப் பெண் ஜான்சன் சிட்டியில் உள்ள கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் புளூகிராஸையே பாடமாக எடுத்துப் படிப்பவர். அங்கே இந்தப் படிப்பு 1982 முதல் நடக்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பு. அவர் தம் வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசினார்: வார நாள்களில் இணையவழியில் பிள்ளைகளுக்கு வகுப்பு, சனிக்கிழமைகளில் திருமணங்கள், கோடையில் விழாக்கள். மேடையில் கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி பெட்ரோலுக்கும் தங்குமிடத்துக்கும் போய்விடுவதால், குறுந்தகடு விற்கும் மேசைதான் சில நாள்களில் சாப்பாடு போடுகிறது என்றார்.

என் மகள் பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசிப்பவள் என்று அறிந்ததும், அவர் தம் மாண்டலினை அவள் மடியில் வைத்தார். இரண்டுக்கும் சுருதி ஒன்றே. ஜி, டி, ஏ, இ என்ற அதே வரிசை. வில் பிடித்துப் பழகிய வலக்கைக்குத்தான் பிக் புதிதாக இருந்தது. இடக்கை விரல்கள் தாமாகவே இடங்களைக் கண்டுகொள்ள, சில நிமிடங்களில் தனக்குத் தெரிந்த மெட்டொன்றை என் மகள் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டாள். "கட்டைக்கு மிக அருகில் அழுத்து, அதன்மேல் அல்ல" என்று, கழுத்தில் குறுக்கே பதித்திருந்த ஃபிரெட் கம்பியைக் காட்டிச் சொல்லி அந்தப் பெண் அவள் மோதிர விரலை ஒரு நூலளவு பின்னால் நகர்த்தினார். கரகரப்பு நின்று சுரம் மணிபோல் ஒலித்தது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்காக இன்னொன்றையும் சேர்க்கிறேன். டென்னசியின் பைர்ட்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1991-இல் பிறந்த சியரா ஹல், 2016-இல் அந்தச் சங்கத்தின் சிறந்த மாண்டலின் கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அது அவருக்கே கிடைத்தது. பாஞ்சோ கலைஞர் பெலா ஃப்ளெக் தயாரித்த அவருடைய 2016-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் பெரும்பாலும் அவர் குரல், மாண்டலின், பேஸ் ஆகியவை மட்டுமே கேட்கும். சிறுவயதிலேயே பெயர் பெற்ற ஒருவர் அந்தப் பெயரின் பாதுகாப்பை விட்டு வெளியே வந்து இவ்வளவு வெறுமையாக வாசிக்கத் துணிந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். தாழ்வாரத்தில் இருந்த பெண்ணும் அதைத்தான் தம் மனம் தளரும்போதெல்லாம் கேட்பதாகச் சொன்னார்.

நாஷ்வில்லில் வசிக்கும் உறுப்பினர் மீண்டும் எழுதியது:

அம்மா, உங்கள் மகள் தொடர்ந்து வாசிக்கிறாளா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். நான் சொன்ன இளைஞரைச் சென்ற மாதம் மறுபடியும் கண்டேன். அந்த மூன்று ஊர்களுக்குப் பிறகும் பாஞ்சோ கலைஞர் அவரை விடவில்லையாம். குழுவினர் ஐவரும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று வாசித்தார்கள். யாருடைய முறை வருகிறதோ அவர் முன்னே வர, மற்றவர்கள் தோளைத் திருப்பி வழிவிட்டார்கள். இளைஞர் முன்னே வந்து பதினாறு சுற்றுகள் வாசித்தார். கைதட்டல் எழும்போதே பின்னால் நகர்ந்து, ஃபிடில்காரருக்கு இடம்விட்டு, இரண்டிலும் நான்கிலும் வெட்டத் தொடங்கியிருந்தார்.