ஒயிட் பேலன்ஸுக்குத் தமிழில் என்ன சொல்?

அறிவியல் ஆசிரியை, சேலம்:
வணக்கம். தை மாதக் கடைசியில் எங்கள் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போகிறோம். கடலில் சூரியன் இறங்குவதை டிஜிட்டல் கேமராவில் எடுக்க ஒரு சின்னக் கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வெளிச்சத்தின் நிறம் மாறினாலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமரா நிறத்தைச் சரிசெய்யும் 'ஒயிட் பேலன்ஸ்' மட்டும் தமிழ்ச் சொல் கிடைக்காமல் நிற்கிறது. ஏற்காடு லேடீஸ் சீட்டில் ஒத்திகை பார்த்தபோது அதை ஆட்டோவில் (கேமராவே முடிவு செய்யும்படி) வைத்து எடுத்தவர்களுக்குச் செவ்வானம் வெளிறிப்போனது. கேமரா அந்தச் சிவப்பைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடுகிறது. வெயில் குறியிலும் நிழல் குறியிலும் வைத்தவர்களுக்குச் சிவப்பு நின்றது. 'வெண்சமநிலை' என்று எழுதிக் காட்டினேன், பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

தமிழாசிரியர், ஏற்காடு:
சமநிலையில் 'சமம்' வடசொல் அம்மா. 'வெண்ணிகர்' என்று வைக்கலாம். வெண் + நெய் வெண்ணெய் ஆனதுபோல வெண் + நிகர் வெண்ணிகர், புணர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. அப்புறம், கேமராவில் 'சன்செட்' என்றொரு தேர்வு இருக்கிறதே, அதை 'எற்பாடு' என்றே போடுங்கள். எல் என்றால் கதிரவன், பாடு என்றால் சாய்தல். தொல்காப்பியர் நெய்தலுக்கு வைத்த பொழுது அதுதான். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம். மலைப்பிள்ளைகள் கடற்கரைக்குப் போய் எடுக்கும் படத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எது?

ஸ்டூடியோக்காரர், செவ்வாய்ப்பேட்டை:
ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் வேலை என்ன என்று அதில் தெரியவில்லையே. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வோம். பிலிம் காலத்தில் பகல் வெளிச்சத்துக்கான டேலைட் பிலிம் 5500 கெல்வினுக்குச் செய்தது, டங்ஸ்டன் விளக்குக்கு 3200. சாயும் சூரியன் 3000-க்கும் கீழே போகும். வெளிச்சத்தில் எண் குறைந்தால் சிவப்பு, கூடினால் நீலம். ஆனால் கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் சிவக்கும், ஏனென்றால் வெளிச்சம் நீலமாக இருப்பதாக நினைத்து அது எதிர்ப்பக்கம் திருத்துகிறது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அதனால் 'வெள்ளைத் திருத்தம்' என்று சொல்லுங்கள், அந்திக்குத் திருத்தம் வேண்டாம் என்று ஒரே வரியில் புரியவைத்துவிடலாம்.

மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி:
'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்று குறள் 118-லேயே 'சமன்' இருக்கிறது. வள்ளுவர் கையாண்ட சொல்லை நாம் ஏன் விலக்க வேண்டும்? 'நிலை'யை எடுத்துவிட்டு 'வெண்சமன்' என்றால் சுருக்கமாகவும் இருக்கும், பொருளும் போகாது. 'திருத்தம்' போட்டால் கணினியில் செய்யும் மற்றத் திருத்தங்களோடு குழம்பும். எற்பாடு எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் 'படு' என்பதற்குத் தோன்றுதல் என்ற பொருளும் உண்டு, எற்பாட்டை விடியல் என்று கொண்டவர்களும் இருக்கிறார்கள். சூரியன் எழுவதையும் விழுவதையும் ஒரே ஊரில் கடலிலேயே பார்க்கப் போகும் பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் எந்த நேரத்துக்கு என்று கேட்பார்கள்.

தமிழாசிரியர், ஏற்காடு:
குறளில் இருப்பதால் மட்டும் ஒரு சொல்லின் வேர் மாறிவிடாது. எற்பாடு நெய்தலுக்குரிய பொழுது, சூரியன் சாயும் நேரம் என்றுதான் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள், அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

அறிவியல் ஆசிரியை, சேலம்:
நாளை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வெண்சமன் என்று போடுகிறேன், பக்கத்தில் ஒயிட் பேலன்ஸ் என்றும் இருக்கும். ஸ்டூடியோ அண்ணன் சொன்ன எண் விளக்கத்தை அப்படியே சேர்த்துவிட்டேன், கையேட்டில் மிகவும் தேவைப்பட்டது அதுதான். சன்செட்டுக்கு 'அந்தி' போதும்.

ஸ்டூடியோக்காரர், செவ்வாய்ப்பேட்டை:
சரி டீச்சர். விளக்கத்தில் 'திருத்தம்' என்ற சொல் ஒரு தடவையாவது வரட்டும்.

தமிழாசிரியர், ஏற்காடு:
அச்சிடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. என் வகுப்பில் வெண்ணிகர் என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். 'அந்தி'யும் 'சந்தி'யிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.